இரண்டு ஜோடிக் கால்களுக்கு இ-பாஸ் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: வத்தலக்குண்டில் குடியிருக்கும் ஒரு கணவன், மனைவி.
பெறுநர்: மலையேறும் வழிகளைப் பூட்டித் திறக்கும் மேலிடம் அவர்கள்.
பொருள்: நடந்து போக அனுமதி வேண்டுதல் தொடர்பாக.
பார்வை: தங்கள் இணையதளம், தங்கள் சோதனைச் சாவடி, தங்கள் அறிவிப்புப் பலகைகள்.

மதிப்பிற்குரிய மேலிடத்துக்கு,

எங்கள் ஊரில்தான் சுப்பிரமணிய சிவா பிறந்தார். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யருக்கும் இதுதான் ஊர். கொடைக்கானல் போகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? அவர்களைப் பொறுத்தவரை டீ குடிக்கவும், கொண்டை ஊசி வளைவுக்கு முன்னெச்சரிக்கையாக எலுமிச்சம்பழம் வாங்கவும் வண்டி நிற்கிற ஊர் இது. அவர்கள் போகும் மலையை நாங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே பார்த்துக்கொள்கிறோம். இதற்கு இதுவரை கட்டணம் வைக்காத தங்கள் பெருந்தன்மைக்கு முதற்கண் நன்றி.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. நல்ல காரியம், மலைக்கும் மூச்சு வேண்டும் என்று நாங்களும் விண்ணப்பிக்க உட்கார்ந்தோம். படிவம் வண்டி எண்ணைக் கேட்டது. எங்களிடம் வண்டி கிடையாது, கால்தான் இருக்கிறது. வண்டி வகைகளில் அதைக் காணோம். விவரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்: என்னுடையது 1962 மாடல், வீட்டுக்காரம்மாவுடையது 1966. எரிபொருள் இட்லி. நான் பீடியை விட்டுவிட்டதால் இப்போது புகையும் இல்லை. மேட்டில் ஏறும்போது வலது முட்டி மட்டும் கொஞ்சம் ஹாரன் அடிக்கும்.

பக்கத்து வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மருமகப் பிள்ளை ஏழு பேர் உட்காரும் காருக்கு விண்ணப்பித்தார். டீ ஆறுவதற்குள் பாஸ் வந்துவிட்டது. அப்போது கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. பிறகு 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது. 6,000 வண்டி என்பது எங்கள் ஊர் முக்கில் ரோட்டைக் கடக்க நிற்பவருக்கு வெறும் எண் இல்லை, ஒரு பிற்பகல்.

அரசுப் பேருந்தில் போனால் பாஸ் வேண்டாம் என்றார்கள். பஸ் ஏறினோம். காட்ரோடு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பஸ்ஸில் பேச்சு நின்றது, எலுமிச்சம்பழ வாசம் கிளம்பியது. டம்டம் பாறையில் எலிவால் அருவியைப் பார்த்தோம். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று தெரிந்து எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம். சோதனைக்கு நின்றவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு திருப்பித் தந்தார்.

மேலே போனதும் வீட்டுக்காரம்மா, "என்னங்க, பழனி மலையில தேசியப் பூங்கா வரப்போகுதுன்னு படிச்சேனே, எங்கே இருக்கு?" என்றார். ஆட்டோக்காரர் யோசிக்கவே இல்லை, பிரையண்ட் பூங்கா வாசலில் கொண்டுபோய் இறக்கினார். அவர் மேல் குற்றமில்லை. தேசியப் பூங்கா என்பது காலங்காலமாகத் திட்டமாகவே வளர்ந்து வருகிறது. 2013-ல் கையில் கிடைத்தது சுமார் 600 சதுர கிலோமீட்டரில் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். அதற்கு வாசல் எது என்று ஆட்டோக்காரருக்கும் தெரியாது, காட்டெருமைக்கும் தெரியாது. அது பாட்டுக்கு ஊருக்குள் வந்து நிற்கிறது.

ஊர் பார்ப்பது சீக்கிரம் முடிந்தது. தூண் பாறையைப் பனி மூடியிருந்தது. 2024-ல் 'மஞ்சுமெல் பாய்ஸ்' படம் வந்த பிறகு குணா குகைப் பக்கம் பாறையைவிடத் தலைதான் அதிகம். பைன் காட்டில் காட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு எல்லாரும் தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதும், நடப்போம் என்று முடிவெடுத்தோம். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

நடப்பதற்கு இணையத்தில் முன்பதிவு, கட்டணம், உடல்நிலை உறுதிமொழி, கட்டாய வழிகாட்டி. 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த விதிகளைக் கேலி செய்ய எங்களுக்கு வாய் வராது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வேலை கிடைத்திருப்பதும் நல்லதுதான். எங்கள் சந்தேகம் ஒன்றே ஒன்று. தீக்காலம் வந்தால் நடைதடத்தைப் பூட்டுகிறீர்கள். கார் ரோட்டுக்குத் தீக்காலமே கிடையாதா?

முறைப்படி பணம் கட்டி வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கினோம். வேர்களே படியாகக் கிடக்கிற பாதை. எதிரே ஓர் ஆத்தா, தலையில் மூட்டை, காலில் செருப்பு இல்லை, எங்களைவிட வேகமாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். வழிகாட்டித் தம்பியிடம், "இவங்க எதுக்குப்பா நடக்குறாங்க?" என்று கேட்டார். "காசு கட்டி வந்திருக்காங்க ஆத்தா." ஆத்தா மூட்டையை இறக்காமலே எங்களை ஒருமுறை பார்த்தார். "காசு வாங்கிட்டா, காசு குடுத்தா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மேலிடம் அறியாதது அல்ல. 1821-ல் மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு தங்கியது இந்த வெள்ளகவியில். 1845-ல் மேலே முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்கன் மிஷன் துரைமார்கள் பெரியகுளம் பக்கத்திலிருந்து இந்தச் சரிவில்தான் ஏறினார்கள். ஏறினார்கள் என்பது மரியாதைக்கு. பலரை டோலியில் வைத்து நம்மாட்கள் தூக்கிப்போனார்கள். எங்கள் ஊர் வழியாக மோட்டார் ரோடு வந்தது 1910-களில்தான். துரைமார்கள் டோலியிலிருந்து இறங்கிக் காரில் ஏறிக்கொண்டார்கள். டோலி மட்டும் வெள்ளகவியிலேயே தங்கிவிட்டது. ரோடு கேட்டுக் கேட்டே அங்கே ஒரு தலைமுறை கிழடாகிவிட்டது. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் டோலியில் கட்டித் தூக்கிய செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வரும். அரிசி மூட்டைக்குக் குதிரை.

இவற்றைப் பரிசீலித்து மேலிடம் அருள்கூர்ந்து வண்டி வகைகளில் 'கால்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வரம்பு கட்டும் நாட்களில் வார இறுதியின் 6,000-த்தில் ஒரு நூறைக் காருக்குக் குறைத்து, அந்த இடத்தைக் கட்டணமில்லாமல் கால்களுக்குத் தந்தால் ரோடு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. 2018-ல் பூத்த குறிஞ்சி 2030-ல் மறுபடி பூக்கும். அன்றைக்குப் பூவைப் பார்க்க வந்த வண்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்காமலிருக்க, எங்கள் இருவர் பெயரை இப்போதே பதிந்து வைக்கவும். முட்டிக்கு அதுவரை நாங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பாதசாரிகள்

இணைப்பு: கால்களின் புகைப்படம், முன்பக்கம், பின்பக்கம். (வெள்ளகவிக்குள் செருப்பில்லாமல் நடந்தபோது எடுத்தது.)

பி.கு.: பதிலின் நகல் ஒன்றை வெள்ளகவிக்கும் அனுப்பவும். அதை எடுத்துப்போகும் தபால்காரர் நடந்துதான் போக வேண்டும். அவருக்கு இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியும் ஏற்பாடு செய்துவிடவும்.