பூக்குமா என்று கேட்காதீர்கள்

நர்சரிக்குப் போய்க் கள்ளித் தொட்டியைக் கையில் எடுக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இது பூக்குமா?" என்பதுதான். எலுமிச்சையைக் கேட்கலாம், மல்லிகையைக் கேட்கலாம். கள்ளியிடம் இதைக் கேட்பது முறையல்ல. அழகுக்கு வளர்க்கும் கள்ளியை முள்ளுக்காகத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. பூ என்பது போனஸ். போனஸை நம்பிக் கடன் வாங்கியவர் பாடு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முள்ளைக் கோபத்தின் அடையாளமாக நினைப்பதுதான் கோளாறு. அது சிக்கனத்தின் அடையாளம். மழை வருவதே அபூர்வமான இடத்தில் அகல அகலமாக இலை விரித்தால் உள்ள தண்ணீரெல்லாம் ஆவியாகப் போய்விடும். அதனால் கள்ளி இலைகளை முள்ளாகச் சுருக்கிக்கொண்டு, உணவு தயாரிக்கும் பொறுப்பைத் தண்டின் தலையில் கட்டிவிட்டது. மூச்சுத்துளைகளைக்கூடப் பகலில் சாத்திவைத்து, வெயில் தாழ்ந்த பிறகே திறக்கிறது. முள் அடர்ந்தால் தண்டுக்கு நிழலும் கிடைக்கும்.

லென்ஸ் ஒன்றை வைத்துப் பாருங்கள். முள் தண்டிலிருந்து நேராக முளைத்திருக்காது. பஞ்சைக் கிள்ளி ஒட்டினாற்போல் ஒரு சின்னத் திட்டு. அதன் நடுவே தடித்த முள் ஒன்றோ இரண்டோ, சுற்றிலும் மெல்லிய முட்கள் வட்டமாக. இந்தத் திட்டு இருந்தால்தான் அசல் கள்ளிக் குடும்பம். நம் வேலியோரத்துச் சதுரக்கள்ளிக்கும் திருகுக்கள்ளிக்கும் இது கிடையாது. கீறினால் பால் வடிக்கும் அவை ஆமணக்குக்குப் பங்காளிகள். சப்பாத்திக்கள்ளிதான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த அசல். பெரும்பாலான இனங்களில் பூவும் இதே திட்டிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்றை மட்டும் கொஞ்சுவது என்ன நியாயம்? அதிலும் வருஷம் முழுக்கக் கூட இருப்பது எது என்று பார்க்க வேண்டாமா? மாமிலாரியா ப்ளுமோசாவின் முள் பறவையின் தூவியைப் போலப் பிரிந்து, செடியையே வெள்ளையாக மூடிவிடும். ஃபெரோகாக்டஸ் லாட்டிஸ்பைனஸின் நடுமுள் பட்டையாக, சிவப்பாக, நுனியில் கொக்கியோடு நிற்கும். மெக்சிகோவின் ஹிடால்கோ பகுதியைச் சேர்ந்த செஃபலோசீரியஸ் செனிலிஸுக்கு உடம்பெல்லாம் நரைமுடி; அதுவும் முள்ளின் வேஷந்தான், நிஜ முள் அடியில் ஒளிந்திருக்கும். அது பூக்கட்டும் என்று காத்திருப்பவருக்குச் செடியைவிட அதிகமாக நரைத்துவிடும். தங்கநிற முள்ளோடு உருண்டு திரண்ட பீப்பாய்க் கள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த மண்ணான மெக்சிகோவில் அருகிப்போய்விட்ட இது, ஹோட்டல் வாசல்களில் உலகமெங்கும் செழிப்பாக உட்கார்ந்திருக்கிறது. ஏறக்குறைய ஒரு முழ அகலத்துக்கு வளர்ந்த பிறகே உச்சியில் சின்னதாக மஞ்சள் பூ வைக்கும். அந்தப் பூவுக்காக எந்த ஹோட்டலும் அதை வாங்கவில்லை.

"பூக்குமா?" என்று எல்லாரும் கேட்பதால் விளைந்த கெடுதலும் உண்டு. கேட்டவருக்குப் பூவைக் காட்ட வியாபாரி ஒரு வழி கண்டுபிடித்தார்: பசை. காய்ந்தாலும் நிறம் போகாத காகிதப்பூ ஒன்றைக் கள்ளியின் தலையில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பூவின் இதழ்கள் காற்றில் ஈரம் ஏறினால் மூடும், காய்ந்தால் விரியும்; வாங்கியவர் அதை உயிருள்ள பூவென்றே நம்பி, "மூணு மாசமா வாடவே இல்லை" என்று எதிர்வீட்டுக்காரரிடம் பெருமை பேசுவார். வாடாததுதான் சாட்சி என்று அவருக்குத் தோன்றுவதில்லை. அடுத்தது, பச்சைக் குச்சியின் மேல் சிவப்பாகவும் மஞ்சளாகவும் உட்கார்ந்திருக்கும் உருண்டை. அதைப் பூ என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏராளம். அது பூவல்ல, பச்சையமே இல்லாத ஒரு கள்ளி. தானாகச் சமைக்கத் தெரியாததால், கீழே டிராகன் பழக் கள்ளியின் தண்டில் ஒட்டுப்போட்டுச் சாப்பாடு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இந்தக் கூட்டுக்குடித்தனம் பெரும்பாலும் சில வருஷங்களில் முறிந்துவிடும்.

நிஜமாகவே பூக்கும் கள்ளிகள் இல்லையா என்பீர்கள். நிறைய உண்டு. மாமிலாரியாக்கள் பல, தலையைச் சுற்றிக் கிரீடம் போலக் குட்டிப் பூக்களை வரிசையாக வைக்கும். பார்த்தால் நானே கட்சி மாறிவிடுவேன். ஆனால் எக்கினாப்சிஸ் போன்றவை அந்தியில் விரிந்து மறுநாளே துவண்டுவிடும். ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த ரெபூஷியாவுக்கோ தண்ணீர் இல்லாமல் குளிரில் கிடக்க ஒரு பருவம் வேண்டும். சென்னையில் குளிர்காலம் ஸ்வெட்டர் விளம்பரத்தில்தான் வருகிறது. முள் குத்துமே என்பது இன்னொரு வாதம். அதற்குப் பயந்து முள்ளில்லாததைத் தேடுகிறவர், முயல் காது போல வட்ட வட்டமாக, மேலெல்லாம் மஞ்சள் புள்ளி வைத்த ஒபன்ஷியாவை எடுத்து வருவார். ஒவ்வொரு புள்ளியும் நுண்முட்களின் கற்றை. தொட்டால் போதும், கொத்தாகக் கழன்று விரலில் ஏறும். எதிர்த்திசையில் கூர் இருப்பதால் சுலபத்தில் வெளியே வராது. பெரிய முள் எங்கே குத்தியது என்றாவது தெரியும்.

கடைசியாக வாஸ்து. முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று சொல்கிறவர் வாசலிலேயே கற்றாழை தலைகீழாகத் தொங்குகிறது, ஓரமெல்லாம் முள்ளோடு. சிவனுக்கு அர்ச்சிக்கும் வில்வத்தின் கிளையில் இருப்பதும் முள்தான். போதாததற்கு, மாடியில் பிரம்மகமலம் மொட்டு விட்டால் இரவு தெருவே திரண்டு வருகிறது. தட்டில் கற்பூரம் ஏற்றுகிறார்கள், செல்போனில் படம் எடுக்கிறார்கள். விடிந்தால் பூ தொங்கிவிடும். மற்ற நாட்களில் அந்தச் செடி, தட்டையான தண்டுகள் திசைக்கொன்றாகச் சரிய, யாரும் தலைவாரிவிடாத பிள்ளையாக மூலையில் கிடக்கும். அதற்குப் பூர்வீகம் மெக்சிகோ, குடும்பம் கள்ளி. வாஸ்துக்காரரும் அந்தக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். பாவம், முள் இல்லாததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.