நடுவில் போன பஸ்

2008-ல் டெல்லியில் ஒரு விபரீதம் நடந்தது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு, சாலையின் நடுவே பஸ்ஸுக்கென்று தனித்தடம் போட்டார்கள். ஏசி காரில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருப்பவரைத் தாண்டி, கம்பியைப் பிடித்துத் தூங்கி வழிந்தபடி அறுபது பேர் விர்ரென்று போனார்கள். பொறுக்குமா? தடம் சும்மா கிடக்கிறது என்று புகார். (பஸ் போய்விட்டால் தடம் காலியாகத்தானே இருக்கும்!) வழக்கும் போட்டார்கள், 2012-ல் உயர் நீதிமன்றம் பஸ் பக்கமே நின்றது. சிக்னல் சொதப்பியது நிஜம்தான், சிக்னலைச் சரிசெய்திருக்கலாம். 2016-ல் தடத்தையே பெயர்த்தார்கள். இப்போது பஸ்ஸும் காரும் உரசிக்கொண்டு ஒரே நெரிசலில் நிற்கின்றன. கார்க்காரர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.