புழக்கடைத் தடாக மீமாம்சை

நீர்நிலைகளைக் குறித்து உலகத்தார் இயற்றியுள்ள சாஸ்திரங்கள் அநேகம். சமுத்திரங்களைப் பற்றியும் மகாநதிகளைப் பற்றியும் அணைக்கட்டுகளைப் பற்றியும் பெரும் பண்டிதர்கள் ஆயுளைச் செலவிட்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டின் புறநகர்க் குடியிருப்புகளில், சமையலறை ஜன்னலுக்கும் மரவேலிக்கும் இடைப்பட்ட புல்தரையில், மண்வெட்டியால் தோண்டப்படுவதைக் காட்டிலும் மனுப்படிவத்தால் அதிகமாகத் தோண்டப்படுகிற அந்தச் சிறு தடாகத்தைப் பற்றி மட்டும் ஆராய்ச்சி உலகம் இன்றுவரை மௌனம் சாதித்து வருகிறது. நீர் என்பது கடைசியில் ஊற்றப்படும் ஒரு வஸ்துவே; அதற்கு வெகு முன்பே குளத்தின் நீள அகலங்களையும், ஆழத்தையும், அதில் வாழ்வன இன்னவை என்பதையும் விதிகளே வடித்து முடித்துவிடுகின்றன என்பது இவ்வியாசத்தின் பிரதிக்ஞை.

விதிகளின் ஜனன பூமியை முதலில் பார்த்துவிடுவோம். அங்கே குடியேறிய நம்மவர்கள் ஹெச்.ஓ.ஏ. என்று பெருமூச்சுடன் குறிப்பிடும் வீட்டுரிமையாளர் சங்கம், விரும்பிச் சேர்வதற்கும் வெறுத்து விலகுவதற்கும் இடமில்லாத ஒரு ஸ்தாபனம். வீட்டை வாங்கியவன் வாங்கிய கணத்திலேயே அதன் அங்கத்தினனாகிறான். விற்றுவிட்டுப் போனாலொழிய அவனுக்கு மோக்ஷமில்லை. ஏழு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் இத்தகைய சங்கங்களின் ஆளுகையில் வாழ்கிறார்கள். உடன்படிக்கை மனிதனைப் பற்றாமல் நிலத்தைப் பற்றிக்கொண்டு தொடரும் என்னும் இந்த நியாயத்தின் மூலபுருஷர்களைத் தேடிச் சென்றால், லண்டன் மாநகரின் லெஸ்டர் சதுக்கத்தில் போய் நிற்போம். அச்சதுக்கத்துத் தோட்டத்தை 1808-ஆம் ஆண்டில் விற்ற டல்க் என்பவர், அதில் கட்டடம் எழுப்பலாகாது என்று வாங்கியவரிடம் உறுதி பெற்றுக்கொண்டார். தோட்டம் கைமாறிக் கைமாறி மாக்ஸே என்பவரை அடைந்தபோது, உறுதி கொடுத்தவன் நானல்லவே என்று அவர் கட்டடம் எழுப்ப முனைந்தார். உறுதியைத் தெரிந்துகொண்டே வாங்கியவனை அது கட்டுப்படுத்தும் என்று 1848-இல் காட்டன்ஹாம் பிரபு தீர்ப்பளித்தார். தோட்டம் தோட்டமாகவே நிலைக்க வேண்டும் என்று பிறந்த அந்த நியாயம், அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடந்து, தோட்டத்தில் ஒரு பள்ளம்கூடக் கேளாமல் தோண்டலாகாது என்று பரிணமித்தது. லாங் ஐலண்டில் 1947 முதல் எழும்பிய லெவிட்டவுனிலேயே, வேலி போடலாகாது, புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளைக் காண்கிறோம். இதே கருவியைக் கொண்டு கறுப்பின மக்களை வீடு வாங்கவொட்டாமல் தடுத்துவந்த கொடுமையும் அந்நாட்டில் இருந்தது. அத்தகைய ஷரத்துகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. மனிதரை விலக்கும் வேலை கைநழுவிய பிற்பாடு, அக்கருவி கதவின் வர்ணத்தையும் தபால் பெட்டியின் உயரத்தையும் கவனிப்பதில் முழுமூச்சாக இறங்கியது என்று யாரேனும் சொன்னால், அது முற்றிலும் சரித்திரமாகாவிட்டாலும் முற்றிலும் பொய்யுமாகாது.

குளம் வெட்ட விழைபவன் முதலில் ஆராதிக்க வேண்டிய தெய்வம் வருணனல்லன். கட்டட அமைப்புப் பரிசீலனைக் குழு. நாலைந்து அண்டை அயலார் ஊதியமின்றிப் பணியாற்றும் இக்குழுவுக்கு, நிலப்படம், எல்லைக்கோட்டிலிருந்து உள்ள தூரம், கரையில் பதிக்கப்போகும் கல்லின் வர்ண மாதிரி, செடிகளின் பெயர்கள், சிற்சில இடங்களில் இருபுறத்து வீட்டாரின் கையொப்பங்கள் ஆகிய நைவேத்தியங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். 30 நாளுக்குள் குழு வாய் திறவாவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று சில சங்கங்கள் விதித்திருக்கின்றன. வாய் திறவாவிட்டால் மறுக்கப்பட்டதாகக் கொள்க என்று வேறு சில விதித்திருக்கின்றன. ஒரே மௌனத்துக்கு நேர்விரோதமான இரு அர்த்தங்களைக் கற்பித்த இந்நுட்பம் நம் தர்க்க சாஸ்திரிகளுக்கும் எட்டாமற்போனது.

எதையும் உத்திரமேரூரில் கொண்டுபோய் முடிக்கும் வழக்கமுள்ள நம் சரித்திர ஆசிரியர்களின் திருப்திக்காக ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) அவ்வூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் சொல்லப்படுகின்றன. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவரே குடவோலைக்குத் தகுதி பெற்றார்கள். வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு வாக்கில்லை என்பதில் அச்சபையும் அமெரிக்கச் சங்கமும் ஒத்த கருத்துடையவை. ஏரி வாரியம் ஏரி இருக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது என்ற ஒரு வேற்றுமையை மட்டும் நடுநிலையாளர் குறித்துக்கொள்ளலாம்.

இனி ஆழ நிர்ணயம். இதுவே இந்தச் சாஸ்திரத்தின் இருதயம். அந்நாட்டின் பெரும்பாலான ஊர்கள் தழுவிக்கொண்டுள்ள மாதிரிக் கட்டட விதித் தொகுப்பு, 24 அங்குலத்துக்கு மேற்பட்ட ஆழமுள்ள நீச்சல் குளத்தைச் சுற்றி 48 அங்குல உயரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்கிறது. நீந்துவோரை உத்தேசித்து எழுந்த இவ்விதியை அலங்காரக் குளத்துக்கும் நீட்டிப் பொருத்துகிற ஊர்கள் பல. 18 அங்குலத்திலேயே தடுப்புக் கேட்கும் ஊர்களும் உண்டு. சிறு குழந்தைகள் தவறி விழுந்து மாண்டுபோவதைத் தடுக்க ஏற்பட்டதாகையால் இதைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. பரிகாசத்துக்குரிய பொருள் இதனோடு சங்க விதி வந்து கூடும் இடத்திலேதான் உற்பத்தியாகிறது. இவ்வளவு ஆழத்துக்கு மேற்போனால் வேலி கட்டியே தீரவேண்டும் என்கிறது நகரசபை. அந்த இடத்தில் அந்த மாதிரி வேலி கட்டவே கூடாது என்கிறது சங்கம். ஆகவே விவேகியாகிய குடும்பஸ்தன் 23-ஆவது அங்குலத்தில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுகிறான்.

அப்போது மூன்றாவது கட்சிக்காரராக மீன் ஆஜராகிறது. ஜப்பானிய நிகாட்டாப் பிரதேசத்து விவசாயிகள் வளர்த்து வளர்த்து வர்ணம் ஏற்றிய கோய் மீன்தான் இத்தகைய குளங்களின் பட்டத்தரசி. பனி உறையும் மாகாணங்களில் மேற்பரப்பு கட்டியாகிவிட்ட பின்னும் உயிரோடிருக்க அதற்கு மூன்று நான்கு அடி ஆழம் தேவை. ஆழம் குறைந்தால் கோடையில் நீர் சுட்டுப் பிராணவாயு குன்றும். ரக்கூன் என்னும் இராத் திருடனுக்கும் கை எட்டும். அன்றியும் அது நன்கு வளர்ந்தால் இரண்டடி நீளத்தைத் தாண்டிவிடும் ஜந்து. ஆகவே சட்டத்துக்கு உட்பட்ட குளத்தில் அதனால் நிமிர்ந்து நிற்க முடியாது. மீன் நிமிர்ந்து நிற்க வேண்டிய அவசியமென்ன என்று குழு வினவுமாயின், அதற்குத் தக்க சமாதானம் என்னிடம் இல்லை.

தோண்டும் படலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். தோண்டுமுன் 811 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். 2007 முதல் நாடு முழுமைக்கும் பொதுவான எண் அது. தகவல் கிடைத்ததும் ஆட்கள் வந்து மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைபேசிக் கம்பிக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை என்று புல்தரையெங்கும் கொடிகளை நட்டுவிட்டுப் போவார்கள். பத்தடி நீளமும் எட்டடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள குளத்துக்கு 160 கன அடி மண் வெளிவரும்; எடை ஏறக்குறைய ஏழு டன். உள்ளே விரிக்க 16 அடிக்கு 14 அடியில் ரப்பர் விரிப்பு வேண்டும். நிரப்ப 1,200 காலன் தண்ணீர் வேண்டும். இவையெல்லாம் சுலபம். வெளிவந்த மண்ணை என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். கொல்லையிலேயே குவித்தால் நிலத்தின் சரிவு மாறி மழைநீர் அடுத்த வீட்டுக்குள் பாயும் என்பதால், பள்ளத்துக்கு ஒரு மனுப் போட்டவன் மேட்டுக்கும் வேறொரு மனுப் போடக் கடமைப்பட்டவனாகிறான்.

குளத்தின் குடிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே ஆராய வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் 1994-இல், மூன்று பூனைகளோடு அடுக்ககத்தில் வாழ்ந்த ஒரு மாதரசிக்கும் அவரது சங்கத்துக்கும் நடந்த வழக்கில், பதிவு செய்யப்பட்ட விதி நியாயமானது என்றே அனுமானிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நமக்கு வேண்டியது அவ்வழக்கில் பலர் கவனியாமல் விட்ட ஓர் அம்சம்: பூனையைத் தடுத்த அதே விதித் தொகுப்பு, வீட்டு மீன்களையும் பறவைகளையும் வளர்க்க இடம் கொடுத்திருந்தது. ஆதலால் சங்க தர்மத்தில் பூனையினும் மீன் உயர்ந்த வர்ணம் என்பது சித்தம். ஆனால் மீனைத் தின்ன வரும் பெரிய நீல நாரையின் அந்தஸ்து அதனினும் உயர்ந்தது. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி உத்தரவின்றி அதைக் கொல்வது மத்திய அரசுக் குற்றம். மீன் சங்கத்தின் அனுக்கிரகத்தால் வாழ்கிறது. நாரை தேசங்களுக்கிடையே ஆன உடன்படிக்கையின் நிழலில் வாழ்கிறது. ஒரு பிளாஸ்டிக் நாரையைக் கரையில் நிறுத்தினால் மெய்யான நாரை இடம் பிடிபட்டுவிட்டதென்று விலகிப்போகும் என்பார் உளர். ஆனால் 1957-இல் டான் ஃபெதர்ஸ்டோன் இளஞ்சிவப்புப் பூநாரையைப் படைத்த நாள் தொட்டுப் புல்தரைகளில் பெருகிப்போன பிளாஸ்டிக் பறவைகளின் மீது சங்கங்களுக்கு ஆறாத துவேஷம். எனவே மெய்ந்நாரையை விலக்கச் சட்டமில்லை. பொய்ந்நாரையை நிறுத்த அனுமதியில்லை.

அண்டை வீட்டாரின் ஆக்ஷேபம் எப்போதும் கொசுவில் தொடங்கும். இது நியாயமான ஆக்ஷேபமே. தேங்கிய நீரில் முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். பம்பு வைத்து நீரை ஓடவிட்டாலும், கொசு மீன்களை விட்டாலும், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-இல் ஒரு குட்டையில் கண்டெடுத்த பாக்டீரியாவைத் தூவினாலும் புழுக்கள் ஒழியும். அந்தப் பாலைவனத்தில் வீட்டுரிமையாளர் சங்கம் ஒன்று இருந்திருக்குமாயின் அக்குட்டையும் இராது, அம்மருந்தும் இராது. தவளை வேறு வகை. அதை யாரும் வாங்கி விடுவதில்லை. நீரின் வாசனையறிந்து தானாக வந்து, வசந்த காலத்து இரவுகளில் பெண்ணைக் கருதி ஆண் தவளை உரக்கக் கூவுகிறது. அமைதிக்குப் பங்கம் விளைவிக்கலாகாது என்னும் ஷரத்தின்படி அதற்கு நோட்டீஸ் அனுப்ப வழியில்லாமையால், நோட்டீஸ் வீட்டுக்காரனுக்கு வருகிறது; அபராதமும் அவனுக்கே. அதைக் கட்டாது விட்டால் பல மாகாணங்களில் வீட்டின்மீதே பற்றுரிமை எழுதப்படவும் கூடும். ஆண் தவளையின் காதலுக்காக வீடு அடமானப்படுவது காவிய கர்த்தாக்களுக்கும் தோன்றாத கற்பனை.

குடிமகனைக் காக்க மத்திய சர்க்காரில் சட்டமில்லையா என்று பூர்வபக்ஷி கேட்கலாம். உண்டு. ஒரு மீட்டர் விட்டத்துக்கு மேற்படாத டிஷ் ஆன்டெனாவைச் சங்கம் தடுக்கலாகாது என்று 1996-இல் விதி ஏற்பட்டது. தேசியக் கொடியை ஏற்றுவதைத் தடுக்கலாகாது என்று 2006-இல் சட்டமாயிற்று. தொலைக்காட்சிக்கும் தேசபக்திக்கும் கிட்டிய இந்த அபயம் குளத்துக்குக் கிட்டவில்லை. மேரிலாண்ட் மாகாணம் 2021-இல், மழைநீரை உறிஞ்சும் பள்ளத் தோட்டங்களைச் சங்கங்கள் அநியாயமாகத் தடுக்கலாகாது என்று விதித்தது. ஆனால் அத்தகைய தோட்டத்தில் நீர் ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். வற்றும் நீருக்குச் சட்டத்தின் காவல் உண்டு. வற்றாத நீர் தன் சாமர்த்தியத்தில் பிழைத்துக்கொள்ள வேண்டியதே.

இவ்வளவு கண்டிப்பான சங்கமே பல குடியிருப்புகளில் ஒரு பெருங்குளத்துக்குச் சொந்தக்காரர் என்பதை இங்கே மறைப்பது ஆராய்ச்சி நேர்மையாகாது. கூரைகளிலும் சாலைகளிலும் விழும் மழைநீரைத் தாங்க, மனை பிரித்து விற்றவர் வெட்டிச் சங்கத்தின் தலையில் கட்டிவிட்டுப் போன குளம் அது. பாசி படர்ந்து, கனடா வாத்துகளின் எச்சம் மலிந்து, நடுவே வர்ண விளக்குடன் நீரூற்றுப் பீச்சிக்கொண்டு, பெரும்பாலும் வேலியின்றி நுழைவாயிலருகே கிடக்கிறது. கொசுவும் தவளையும் நாரையும் அங்கேயும் உண்டு; மனுத்தான் இல்லை.

இந்த விதிகளின் நெருக்கடியில் சிக்கிய குளத் தொழிலாளர் கண்ட முடிவான உபாயம், குளமில்லாத நீர்வீழ்ச்சி என்பதாம். இது கற்பனையன்று, கடைகளில் விற்பனையாகிறது. கற்களின் மேல் நீர் வழிந்து, கூழாங்கற்களுக்கிடையே இறங்கி, நிலத்தடித் தொட்டியில் மறைந்து, பம்பினால் மறுபடியும் மேலேறுகிறது. ஆழம் பூஜ்யமாகையால் தடுப்பு வேண்டா, மீனில்லாமையால் நாரை வராது, தேங்காமையால் கொசுவில்லை. குழு இதற்குப் பெரும்பாலும் மனமுவந்து சம்மதிக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் நீர் விழும் ஓசை அடுத்த வீட்டாருக்கு இடைஞ்சல் என்று புகார் எழுமாயின், மின் கடிகாரம் ஒன்றைப் பொருத்தி நீரையும் நிறுத்திவிடலாம். அப்புறம் மிஞ்சுவது கூழாங்கல் மட்டுமே. அதன் அளவுக்கும் வர்ணத்துக்கும் தனி மனு உண்டு.