பொட்டி இருக்கட்டும், சிப்பைப் பாத்தியா கண்ணு?

சித்தெ உக்காரு கண்ணு. அந்தப் போனைக் கவுத்து வையி. சிப்புல எழுதற பொட்டி எது தேவலைனு அஞ்சு நாளா வீடியோ பாக்கறயாமா? சரி, ஒன்னு கேக்கறேன். நீ ரிப்பேர் பாக்கற கேம் போர்டுல என்ன சிப்பு இருக்குது? பாக்கலையா? அட கெரகமே! கால் அளவு தெரியாமயா செருப்புக் கடையில பேரம் பேசிட்டு நிக்கறே?

எம்பட பேரன் ஒருத்தன் சிகாகோவுல இருக்கறான். அந்தூருப் பக்கத்துல மிட்வேக்காரங்க 1980-ல எறக்குன பாக்மேன் மெசினோட போர்டு ஒன்னைப் புடிச்சுட்டு வந்தான். ஓடலை. உடனே டிஎல்866-2 பிளஸ்ஸுனு ஒரு பொட்டி. ஆயிரக்கணக்குல சிப்புப் பேரு இருக்குதுனு வீடியோ கால்ல தள்ளித் தள்ளிக் காட்டறான். “நீ எழுதப்போறது எத்தனை தினுசு சாமி?”ன்னேன். “2532 ஒன்னுதான் அப்பாரு”ன்னான். அது மட்டும் அந்தப் பட்டியல்ல இல்லை!

பையன் விடுவானா? 2732-ம் 4 கேபிதான், 24 கால்தான், அதுலயே எழுதிக்கலாம்னான். பாக்க அண்ணன் தம்பியாட்டத்தான் இருக்கும். ஆனா எழுதற வோல்டேஜை இன்டெல் 2732 இருவதாங் கால்ல வாங்கும், டெக்ஸாஸ்காரன் 2532 இருவத்தொண்ணாங் கால்ல வாங்கும். வாய்க்குப் போற சோத்தைக் காதுல திணிச்சா வயிறு ரொம்புமா? நாஞ் சொன்னப்பறம் ரெண்டு சாக்கெட்டை வெச்சு ஒயரை மாத்திப் பத்த வெச்சான்.

அப்பவும் ஆகலை. 2532-க்கு எழுத 25 வோல்ட் வேணும். அவன் பொட்டி 18-லயே மூச்சு வாங்குது. எழுத்துப் பாதி விழுந்துச்சு, பாதி விழலை. சிப்பு செத்துப்போச்சுனு இன்னும் நாலு வாங்கிட்டான். மாடு குடிக்கலைனு தொட்டிய மாத்தறானே, தொட்டியில தண்ணி இருக்குதானு எட்டிப் பாத்தானா?

நீ வெச்சிருக்கறது 27சி256 மாதிரி பின்னால வந்த சிப்பா? அதுக்குப் பன்னெண்டரை, பதிமூணு வோல்ட்டே எச்சு. 18 வோல்ட் பொட்டியே போதும், காசை வீசாதே. பழசுனா டி48 வாங்கிக்க, 25 வரைக்கும் ஏறும். ஏறுதேனு கண்ணை மூடிட்டு ஏத்திப்போடாதே. 2732-க்கு 25, அதே நம்பர்ல வால்ல ‘ஏ’ ஒட்டியிருந்தா 21. அந்த ஒத்தை எழுத்தைப் பாக்காம எத்தனை பேரு பொசுக்கியிருக்கறான் தெரியுமா? பாக்மேன்ல கலருக்குனு 82எஸ்123 இருக்குது, அது வேற சாதி. உள்ளார ஃபியூஸை எரிச்சு எழுதறது, பச்சை குத்துன மாதிரி, அழியாது. அதுக்கு டேட்டா ஐ/ஓ 29பி மாதிரி பழைய கெழவனைத்தான் தேடோணும், என்னாட்டம்.

கடைசியில கோளாறு எங்கீங்கறே? போர்டுல இருந்த பழைய சிப்பை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். படிக்க 25 வோல்ட் எதுக்கு? அஞ்சே போதும். ரெண்டு தடவையும் ரெண்டு செக்சம் கணக்கு. “காலைக் காட்டு”ன்னேன். தேய்க்காத வெள்ளிக் கொலுசாட்டம் கறுத்துக் கெடக்குது. தேச்சான். மூணு தடவை படிச்சான், மூணும் ஒரே கணக்கு, மேம் எமுலேட்டர்காரங்க குறிச்சு வெச்ச கணக்கோட அச்சா ஒத்துப்போச்சு. சாக்கெட்டை மாத்துனான். மஞ்சப் பய வாயைத் தொறந்துட்டு ஓட ஆரம்பிச்சுட்டான்.

அந்த நாலு புதுச் சிப்பா? அரைகுறை எழுத்தை அழிக்கப் புறஊதா வெளக்கு வேணும், இருவது நிமிசம் காட்டுனா போதும். பொட்டிக்குக் கொட்டுனவன் வெளக்கு வாங்க மறந்துட்டான். நேரா வெயில்ல ஒரு வாரம் வெச்சாலும் அழியும்னு இன்டெல்காரன் எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு, சிப்போட கண்ணாடிச் சன்னல் பூரா தொறந்து மேல பாத்தாப்பல சன்னல் மேட்டுல வரிசையா வெச்சிருக்கறான்.

அங்க இப்பப் பனி கொட்டுதாமா.