நர்ஸம்மாவின் கணக்கு

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அம்மா வீடு தங்கமாட்டார். மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களில் அவர் அரசு நர்ஸ். ஊரார் வாயில் நர்ஸம்மா. எழுபதுகளின் பிற்பகுதி தொடங்கி எண்பதுகள் முழுக்க, மார்ச் 31-க்குள் இத்தனை 'கேஸ்' என்று மேலிடத்திலிருந்து டார்கெட் வரும். கேஸ் என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்ட ஆள். கேஸ் குறைந்தால் மீட்டிங்கில் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார்கள். அதனால் இருட்டும்வரை வரப்பில் நடப்பார்.

காக்கி அட்டை போட்ட நீளமான பதிவேடு ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். வீட்டு எண், கணவன் பெயர், மனைவி பெயர், மனைவியின் வயது, உயிரோடுள்ள பிள்ளைகள், கடைசிப் பிள்ளையின் வயது, எந்த முறை. மூன்று பிள்ளைக்கு மேல் உள்ள வீட்டுக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. ராத்திரியில் அம்மா அந்தச் சுழிகளை எண்ணுவதைப் படுத்தபடியே பார்த்திருக்கிறேன். ஊரின் அத்தனை கர்ப்பப்பைகளும் அந்த நோட்டுக்குள் இருந்தன. அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று எழுத மட்டும் அதில் கட்டம் கிடையாது.

நெருக்கடி நிலைவரை ஆபரேஷனுக்கு வந்தவர்களில் ஆண்களே அதிகம். 1976-77இல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. வடக்கே பலரை இழுத்துப்போய்ச் செய்தார்கள். அந்தப் பயத்துக்குப் பிறகு ஆண்கள் முகாம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பாரம் முழுக்கப் பெண்கள்மேல் இறங்கியது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தரையில் பாய் விரித்து, வயிற்றில் தையலோடு வரிசையாகப் படுத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் கொஞ்சம் பணம், சில முகாம்களில் ஒரு பிளாஸ்டிக் வாளி. தையல் ஆறுமுன்பே நடவுக்குப் போனவர்களும் உண்டு. அது அம்மாவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதே பள்ளிக்கூடத்தில் நாங்கள் 'மக்கள்தொகைப் பெருக்கம்' என்று கட்டுரை எழுதினோம். காடு அழிவதும் ஏரி வற்றுவதும் ஜனம் பெருகுவதால்தான் என்று மனப்பாடம் செய்து எழுதினால் நல்ல மார்க். அந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் 1968இல் எழுதிய 'தி பாப்புலேஷன் பாம்' என்ற புத்தகம் டெல்லித் தெருவொன்றில் டாக்ஸியில் போகும் காட்சியோடு தொடங்குகிறது. வெளியே தெரிகிற ஏழை ஜனக்கூட்டம்தான் அதில் ஆபத்து. டாக்ஸிக்குள் இருக்கிறவர் வீட்டில் எவ்வளவு பெட்ரோல் எரிகிறது என்ற கேள்வி அந்தக் காட்சியில் எழவே இல்லை. இன்றும் ஒரு அமெரிக்கரின் சராசரிக் கரியமில வாயு, இந்தியர் ஒருவருடையதைப்போல் ஆறேழு மடங்கு.

அம்மா செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பின்வாசல் வழியாக வந்து, "இவருக்குத் தெரியாம ஏதாச்சும் பண்ணும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெற்று உருக்குலைந்த உடம்புகளுக்கு அந்த ஆபரேஷன்தான் விடுதலை. நாட்டின் வறுமைக்காகவும் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடை பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று பெரியார் தனியாக நின்று வாதிட்டார். அவர் வைத்த அந்தக் காரணத்தை அரசாங்கம் தன் போஸ்டரில் எழுதியதே இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்றுதான் இருந்தது. அவள் ஒருத்தி என்ன விரும்புகிறாள் என்று இல்லை.

பிள்ளைப்பேறு குறைந்தது. 1996இல் டார்கெட் முறையையும் எடுத்துவிட்டார்கள். 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை, மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். அம்மா சுற்றிவந்த ஊர்களில் ஒரு தொடக்கப்பள்ளியில் இப்போது இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் குழந்தையின்மைச் சிகிச்சை மையங்களின் விளம்பரப் பலகைகள்.

ஏரிகள் பிழைத்தனவா? நான் குடியிருப்பது மேடவாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். ஒருகாலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்குமேல் விரிந்திருந்த சதுப்பில் இன்று மிஞ்சியது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதைத் தின்றது பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, குறுக்கே போட்ட சாலை, சுற்றி எழுந்த ஐ.டி. கட்டடங்கள், எங்களைப்போல வீடு வாங்கிக் குடியேறியவர்கள். 1971இல் 4.12 கோடியாக இருந்த தமிழக மக்கள்தொகை 2011இல் 7.21 கோடி ஆனது. அந்தப் பெருக்கத்துக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் எங்கள் அடுக்ககத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரே பிள்ளை, அறைக்கு ஒரு ஏ.சி., வாசலில் இரண்டு கார். பீகாரில் இன்னும் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஏறக்குறைய மூன்று குழந்தை. ஆனால் அங்கே தலைக்குச் செலவாகும் மின்சாரம் நம்முடையதில் கால்பங்குகூட இல்லை. 2019 கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, சிவப்பு மை சுழித்த வீட்டுப் பெண்களை நினைத்துக்கொண்டேன். வற்றிப்போன தண்ணீரில் அவர்கள் குடித்தது எவ்வளவு இருந்திருக்கும்?

இப்போது காற்று திரும்பிவிட்டது. 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த திருமண விழாவில் பதினாறு பிள்ளை பெறும் பேச்சை எடுத்தார் அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களைக் கேட்டுக்கொண்டார். காரணம், மக்கள்தொகையை வைத்துப் பங்கிடும் நாடாளுமன்றத் தொகுதிகள். பயம் நியாயமானதுதான்: 1967இல் நம்முடைய இடங்கள் 41லிருந்து 39ஆகக் குறைந்தன, அந்தப் பங்கீட்டை மாற்ற 1976இல் போட்ட தடை விலகினால் இன்னும் குறையலாம். செய்தியைப் பார்த்த அம்மா கேட்டார்: "நான் வெயில்ல நடந்து கேஸ் புடிச்சதுக்கு, எம்.பி. சீட்ட எடுத்துக்குவானாமா?" அந்தக் கோபத்தில் நானும் பங்கு கொள்கிறேன். ஆனால் அதற்கான வழக்கை டெல்லியில் நடத்த வேண்டும்; மணமேடையில் நிற்கும் பெண்ணின் வயிற்றில் நடத்தக் கூடாது.

அதே 2025 மே மாதம் ஒரு தீர்ப்பு வந்தது. தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மறுமணத்துக்குப் பின் பெற்ற குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு கேட்டார். முதல் மணத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்ததால் கிடையாது என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அவர் அந்த விடுப்பைப் பெற்றார். மேடையில் பெறச் சொல்கிறார்கள், கோப்பில் இரண்டோடு நிறுத்தச் சொல்கிறார்கள்.

என் அக்கா மகள் ஓ.எம்.ஆரில் வேலை செய்கிறாள். பிள்ளை வேண்டாம் என்று அவளும் கணவனும் தீர்மானித்திருக்கிறார்கள். 2015 வெள்ளத்தில் மாடியிலிருந்து படகில் இறங்கியவள் அவள். "இந்த ஊர்ல ஒண்ண பெத்து எப்படி சித்தி வளக்குறது?" என்பாள். ஒரு குழந்தையைக் குப்பையோடும் புகையோடும் சேர்த்துக் கணக்கிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் வாழும் விதத்தை மாற்றாமல் ஆளைக் குறைத்து என்ன ஆகும் என்று அவளோடு வாதாடியிருக்கிறேன். ஆனால் அவள் பயம் பொய்யில்லை, முடிவும் அவளுடையது. அவளுடைய அலுவலகத் தோழி ஒருத்திக்கு இரண்டாவது வேண்டும் என்று ஆசை. குழந்தையை விட்டுவர நல்ல இடம் இல்லாமல் தள்ளிப்போடுகிறாள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017லேயே சட்டம் வந்துவிட்டது. பெறச் சொல்லும் மேடைகளில் அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தபோது தானாகவே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். நர்ஸம்மா என்ன சொல்வாரோ என்று எனக்குள் படபடப்பு. அம்மா அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "பெத்துக்கோ, பெத்துக்காத. அது உங்க ரெண்டு பேர் விஷயம். ரத்தமே இல்லியேடி உனக்கு. ஹீமோகுளோபின் எவ்ளோ? பாத்தியா?" பார்க்கவில்லை என்றாள். "நாளைக்குக் காலைல பாத்துட்டு வந்து சொல்லு" என்று, பக்கத்து வீட்டில் முருங்கைக்கீரை கேட்க எழுந்து போனார்.