அந்தமானுக்கு ஒரு பட்டுப்புடவை

வாலாஜாபாத்திலிருந்து அந்தமான் கிளம்பிய எங்கள் கூட்டம் பெட்டியில் முதலில் வைத்தது பட்டுப்புடவை. உப்புத்தண்ணீர் பட்டால் ஜரிகை என்ன ஆகும் என்று தறிக்காரர் வீட்டில் பிறந்த அத்தைக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கடற்கரை போட்டோ வேறு விஷயம்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம். மாமாவோ கப்பல் காலக் கணக்கில் மூன்று நாளுக்கு மிளகும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லி கட்டினார். கூடவே கொப்பரை! தென்னந்தோப்பாய்க் கிடக்கும் தீவுக்கு. எண்ணெய்ச் சத்தால் அது தானே தீப்பற்றக்கூடும் என்று விமான நிலையத்தில் எடுத்து வெளியே வைத்தார்கள். கைப்பையில் இருக்கவேண்டிய பவர் பேங்க் பெட்டிக்குள் போயிருந்தது. பெட்டிக்குள் போகவேண்டிய மிளகாய் ஊறுகாய் கைப்பையில்.

மணல் ஈ கடிக்குக் களிம்பு, படகில் குமட்டலுக்கு மாத்திரை, கையில் ரொக்கம், டார்ச் – இவை யாருக்கும் தோன்றவில்லை. அங்கே குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும்; நம் கடிகாரத்தைத்தான் அங்கும் கட்டியிருக்கிறார்கள்.

முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து மாமா சிரித்தார். "எங்க பாலாத்துல முதலையெல்லாம் கிடையாது தம்பி." படகோட்டி மரியாதையாகத் தலையாட்டினார். பாலாற்றில் பெரும்பாலும் தண்ணீரும் கிடையாது என்பதை நான் சொல்லவில்லை.

திரும்பும்போது அத்தை முந்தானையில் முடிந்திருந்த சங்கு, பவளத்துண்டுகளை, அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாதென்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜரிகையில் உப்பு மட்டும் ஊர்வரை வந்தது.