லாங் சைஸ் நோட்டும் இணையக் கல்வியும்: கிளை நூலகம் சார்ந்த ஓர் ஆய்வு

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். எல்லை வகுக்காத ஆய்வை யாரும் மதிப்பதில்லை. இக்கட்டுரையில் ‘நூலகர்’ என்பது கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குளிரூட்டிய மாடிகளில் பணிபுரிபவரைக் குறிக்காது. காலையில் பூட்டைத் திறந்து, நாளிதழ்களுக்கு முத்திரை குத்தி மேசையில் பரப்பி, சந்தா வாங்கி, ரசீது எழுதி, புத்தகம் கொடுத்து, திரும்ப வாங்கி, வேலைவாய்ப்புப் பக்கத்தைச் சத்தமில்லாமல் கிழிக்கப் பார்க்கும் வாசகரைக் கண்ணாலேயே தடுத்து, இரவில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் போகும் கிளை நூலகரே நம் ஆய்வுப் பொருள். ‘இணையக் கருவி’ என்பது, உள்ளே விடுமுன் ‘நீ யார்?’ என்று கேட்கும் எதுவும். (பேப்பர் படிக்க வருபவரை நம் நூலகர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.)

நூலகருக்கு இணையக் கருவிகளைக் கற்பிக்கும் வேலைக்கு முன்னோடி அமெரிக்காவில் உண்டு. 2006இல் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்பவர் ஊழியர்களுக்காக ஒரு பாடத்திட்டம் வகுத்தார். ‘23 விஷயங்கள்’ என்று அது பெயர்பெற்றது. ஃபிளிக்கரில் படம் பார்ப்பது, விக்கியில் எழுதுவது, லைப்ரரிதிங்கில் சொந்தப் புத்தகங்களைப் பட்டியலிடுவது என்று 23 வேலைகள். அவரவர் தாமே தட்டித் தடவிக் கற்க வேண்டும். முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. திட்டம் பல நாட்டு நூலகங்களுக்கும் பரவியது. பிற்கதைதான் ஆய்வாளருக்கு முக்கியம். அன்று கற்பித்த, இணைய முகவரிகளைச் சேமிக்கும் டெலிஷியஸ் தளம் இன்று இல்லை. பரிசாகத் தந்த எம்பி3 பிளேயரைத் தேடினால் மேசை இழுப்பறையில் ஒருவேளை கிடைக்கலாம். நம் பக்கத்துப் பயிற்சிகளில் இந்த நிலையாமைக்கு இடமில்லை. இங்கே பரிசு என்பது சான்றிதழ். அதையும் கற்றவரே தரவிறக்கி, கற்றவரே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, கற்றவரே கோப்பில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி நம் கருதுகோள். எந்தப் புதுக் கருவி வந்தாலும் கிளை நூலகர் முதலில் செய்வது லாங் சைஸ் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது. சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை என்று பணிக்காலம் முழுதும் எழுதிய கை அது. இணையத்துக்கும் அதே கட்டங்கள்தாம்: வரிசை எண், தேதி, தளம், பயனர் பெயர், கடவுச்சொல், குறிப்பு. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் தளங்கள் உண்டல்லவா? பழையதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘கழிவு’ என்று எழுதி, சின்னக் கையெழுத்தும் தேதியும் இடுகிறார். கிழிந்த நாவலைக் கழிவு செய்யும் முறைக்கும் இதற்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை.

கடவுச்சொல்லை எழுதி வைக்கலாகாது என்று பயிற்சியில் சொன்னார்களே எனின், சொன்னார்கள். அதையும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதாத ஒன்றைப் பாதுகாக்கும் வழி அவருடைய தொழிலில் இல்லை.

நோட்டின் உயிர் ‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. ‘பச்சை பட்டனை இருமுறை அமுக்கக் கூடாது.’ ‘வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் டீ குடித்துவிட்டு வரவும்.’ ‘மாதக் கடைசியில் திறக்காது.’ ‘சேமித்துவிட்டேன் என்று சொல்லும், நம்ப வேண்டாம்.’ கருவியைச் செய்தவர் எழுதிய உதவிப் பக்கங்கள் எதிலும் இவ்வளவு நேர்மையை நான் கண்டதில்லை.

அடுத்து ஓடிபி. இதற்குக் கோட்பாட்டுப் பின்புலம் தேவை. எஸ். ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். பயிற்சிக்காக லண்டன் போனபோது, செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பூட்டியும் கழற்றியும் காட்டுவதைப் பார்த்தார். அறிவையும் இப்படிப் பூட்டலாமே என்று தோன்ற, கோலன் பகுப்பு முறை பிறந்து 1933இல் நூலாக வந்தது. எந்தப் பொருளையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களில் அடக்கலாம் என்று பின்னாளில் வகுத்தார். கிளை நூலகத்துக்கு வரும் ஓடிபியையும் அதில் அடக்கிப் பார்க்கலாம்.

ஆளுமை: மாறுதலாகிப் போன முந்தைய நூலகர். கணக்கைத் தொடங்கியபோது தந்த கைப்பேசி எண் அவருடையது. பொருள்: அந்தக் கைப்பேசி. ஆற்றல்: அதற்கு வரும் ஆறு இலக்கம். இடம்: இரண்டு மாவட்டம் தள்ளி, சிக்னல் கிடைக்காத ஊர். காலம்: மூன்று நிமிடம். சான்றுக்கு ஓர் உரையாடல்:

“சார், வணக்கம். ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் பாருங்க.”

“இருங்கம்மா, கண்ணாடி எடுத்துக்கறேன். ரெண்டு வந்திருக்கே, எது?”

“கடைசியா வந்தது சார்.”

“கடைசின்னா மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?”

“மேல... இல்ல, கீழ சார்.”

“அது சரி, பொண்ணுக்கு ரிசல்ட் வந்துடுச்சா?”

ரிசல்ட் வந்துவிட்டது. ஓடிபி போய்விட்டது. ஐந்து முகங்களில் காலமே மற்ற நான்கையும் விழுங்கவல்லது என்பது இதனால் பெறப்படும். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகளில் நான்காவது. நூலகரிடமே நேரத்தைக் கறக்கும் கருவி வருமென்று 1931இல் அவ்விதிகளைச் சொல்லும் நூல் வெளிவந்தபோது அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

ஓடிபியைக் கடந்தவர் ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தின் முன் நிற்கிறார். இதன் வரலாறு நூலகத்தாருக்குச் சுவையானது. 2007இல் லூயிஸ் வான் ஆன் குழுவினர் ரீகேப்சாவைக் கொண்டுவந்தார்கள். கோணல்மாணலான இரண்டு சொற்கள் தெரியும். ஒன்று கணினிக்குத் தெரிந்தது. மற்றது பழைய புத்தகங்களையும் நாளிதழ்களையும் ஸ்கேன் செய்தபோது இயந்திரம் படிக்க முடியாமல் விட்டது. மனிதர்கள் தட்டத் தட்ட அந்தப் பழைய ஏடுகள் எழுத்தாயின. 2009இல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. ஆக, அனுமதிக்காகக் கதவோரம் காத்துநின்ற நேரத்திலும் நூலகர் நூலக வேலையே பார்த்திருக்கிறார். சம்பளம் இல்லை, வருகைப் பதிவு இல்லை. பிற்காலத்தில் சொற்கள் போய்ப் போக்குவரத்து விளக்குப் படங்கள் வந்தன. அதில் கம்பமும் விளக்கே என்பர் ஒரு சாரார். எரிவதே விளக்கு என்பர் மறு சாரார். நோட்டு இரண்டாம் கட்சி: ‘கம்பத்தைத் தொடாதே.’

உள்ளே போனபின் வரும் சிக்கல் தமிழுக்கே உரியது. ‘ஸ்ரீ’ திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு இரண்டு. ‘ஸ்’ஸில் தொடங்கி அடிப்பது ஒன்று. 2005இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு அதில் தொடங்கி அடிப்பது இன்னொன்று. பட்டியலில் ஒருவர் ஒருவிதமாக ஏற்றி, வேறொருவர் வேறுவிதமாகத் தேடினால், இரண்டையும் ஒன்றாகக் கொள்ளத் தெரியாத மென்பொருள் ‘பூஜ்யம்’ என்று கைவிரிக்கும். காலுக்குப் பதில் ‘ர’ போட்டு அடித்துவைத்த பதிவுகள் இன்னொரு கூட்டம். பார்ப்பதற்குக் ‘கா’ மாதிரியே இருக்கும், தேடினால் வராது. இப்படித்தான் ஒரு வாசகர் ஸ்ரீரங்கத்தைப் பற்றிய ஒரு புத்தகம் கேட்கிறார். கணினி இல்லையென்கிறது. நூலகர் எழுந்துபோய் மூன்றாம் அலமாரியில் இரண்டாம் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். வாசகர் போனதும் உட்கார்ந்து குறிப்புக் கட்டத்தில் எழுதுகிறார்: ‘ஸ்ரீ போட்டுத் தேடாதே. ரங்கம் என்று மட்டும் தேடு.’ இந்த ஒரு வரியை எந்தப் பயிற்சி முகாமிலும் யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது. இணையக் கல்வி நடந்தேறிய இடம் இதுவே என்பது என் துணிபு.

கணினி வந்தால் காகிதம் குறையும் என்ற பழைய வாதத்தையும் தொட்டுச் செல்வோம். முன்பு ஒரு பதிவேடு இருந்தது. இப்போது பதிவேடு, அதைக் கணினியில் ஏற்றியது, ஏற்றியதன் பிரிண்ட் அவுட், ஏற்றியாயிற்று என்று நோட்டில் ஒரு டிக், இவை அனைத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டது. தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பது பதிவேட்டை.

புறனடையாக ஒன்று எஞ்சுகிறது. அந்த நோட்டையே எங்கே வைப்பது? அலமாரியில் வைத்தால் கடவுச்சொற்கள் ஊருக்கே பொதுவாகும். பீரோவில் பூட்டினால், நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற ரங்கநாதனின் முதல் விதி மீறப்படும்; தவிர, நூலகர் விடுப்பில் போகும் நாளில் பொறுப்புக்கு வருபவர் இருட்டில் நிற்பார். பழைய ஐரோப்பாவில் அரிய நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு பேராலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் பார்க்கலாம். நம் நூலகரும் அந்த மரபில்தான் முடிவெடுத்திருக்கிறார். நோட்டின் மூலையில் ஓட்டை போட்டு, கையெழுத்துப் பேனாவைக் கட்டியிருக்கும் அதே சணல் கயிற்றால் மேசைக்காலில் முடிந்து, அட்டையில் முத்திரையும் குத்தியாயிற்று: ‘குறிப்புதவி நூல். வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.’